தவளைக்கு எதுக்குக் கட்டுப்பாடு?

எனக்குக் கோபம் ஜாஸ்தி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முப்பது வருஷமாக ஆறாத கோபம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பாட்டில் தண்ணீரால் வந்தது.

அப்போது நான் பிளஸ் ஒன். அப்பா ஒரே பேச்சில் முடித்திருந்தார்: "டிஸ்ட்ரிக்ட் சயின்ஸ் எக்ஸிபிஷன்ல ஃபர்ஸ்ட் வந்தா காலேஜ். இல்லன்னா பிளஸ் டூ முடிச்சதும் டைப்ரைட்டிங், அப்புறம் கல்யாணம்." (பத்தாவதை மூன்று தவணையில் முடித்த அண்ணனுக்கு இந்தப் பந்தயமெல்லாம் கிடையாது. அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.)

'தவளைக் கருவின் வளர்ச்சியில் கதிர்வீச்சின் விளைவுகள்' என்று தலைப்பு வைத்தேன். கேட்ட மாத்திரத்தில் நடுவர்கள் எழுந்து நிற்பார்கள் என்று நினைப்பு. கார்த்திகை மழையில் செங்கம் ரோட்டோரக் குட்டையில் ஜவ்வரிசிப் பாயசம் மாதிரி மிதந்த முட்டைகளை, குட்டைத் தண்ணீரோடு அள்ளி இரண்டு பாட்டிலில் பிரித்தேன்.

ஒன்றை மட்டும் பக்கத்து வீட்டு பஷீர் பாயிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவர்.

"பவரு ஜாஸ்தி வைக்கட்டுமா, கம்மியா?"

"நெஞ்சுக்கு வைக்கிற அளவு வைங்க பாய்."

பழக்கதோஷத்தில் பாட்டிலைப் பார்த்து, "மூச்ச இழுத்துப் புடி!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் ஸ்விட்சைப் போட்டார். (முட்டைகள் பிடித்தனவோ என்னவோ, நான் பிடித்தேன்.)

எக்ஸ்ரே பட்ட பாட்டிலில் மண்டை ஓடு வரைந்து, 'அபாயம்! கதிர்வீச்சு' என்று ஒட்டினேன். படாதது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதில் பாடப்புத்தகத்தில் இருந்தபடி 'கட்டுப்பாடு' என்று எழுதினேன்.

அம்மா அதைப் படித்துவிட்டு, "தவளைக்கு எதுக்குடி குடும்பக் கட்டுப்பாடு?" என்றாள். நான் முறைத்துவிட்டுப் போனேன். என்னவென்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கண்காட்சியன்று காலை பார்த்தால், எக்ஸ்ரே பாட்டிலில் தலைப்பிரட்டைகள் துள்ளுகின்றன. கட்டுப்பாட்டில் அத்தனையும் வெளுத்துச் செத்துக் கிடக்கின்றன. புத்தியுள்ளவள் ஏன் என்று யோசித்திருப்பாள். நான் அப்பா, அம்மாவோடு கண்காட்சி நடக்கும் வேங்கிக்காலுக்குப் போகிற ஆட்டோவிலேயே முடிவை மாற்றி எழுதினேன்: 'கதிர்வீச்சு கருவை வளர்க்கும்.'

நடுவர் ஒரு விலங்கியல் பேராசிரியை. நிதானமாகக் கேட்டார்: "அப்போ கர்ப்பிணிங்களுக்கெல்லாம் எக்ஸ்ரே எடுக்கலாமாம்மா?"

"தாராளமா எடுக்கலாம் மேடம்!"

(ஐயோ. என்னை யாராவது அந்த இடத்திலேயே அறைந்திருக்கக் கூடாதா?)

அவர் கட்டுப்பாட்டு பாட்டிலை முகர்ந்தார். "என்னது, பிளீச்சிங் பவுடர் வாசன?"

பின்னாலிருந்து அம்மா பெருமையாக முன்னே வந்தாள். "நான்தாங்க மாத்துனேன். தண்ணி நாத்தம் அடிச்சுதுன்னு குழாத் தண்ணி புடிச்சு ஊத்துனேன். கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் வருதில்லீங்களா, ஒரு வாரமா குழாத் தண்ணில மருந்து கலக்குறாங்க, அந்த வாசன."

"இன்னொரு பாட்டில்?"

"மண்டை ஓடு போட்டிருக்குதுங்க! அத யாருங்க தொடுவாங்க?"

கூடமே சிரித்தது. "நெஞ்சு எக்ஸ்ரேக்கெல்லாம் முட்டைக்கு ஒண்ணும் ஆகாதும்மா," என்றார் பேராசிரியை. "இத மருந்துத் தண்ணி கொன்னிருக்கு." அவரும் சிரித்தார். அவ்வளவுதான், எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"என்ன சிரிப்பு? பிளீச்சிங் பவுடர் தவளை முட்டையக் கொல்லும்னு காட்டியிருக்கேன் இல்ல? அதுக்குக் குடுங்க ஃபர்ஸ்ட் பிரைஸ்!" என்று மேஜையை ஓங்கித் தட்டினேன். மண்டை ஓட்டுப் பாட்டில் உருண்டது. கதிர்வீச்சு என்று அலறிக்கொண்டு முதல் வரிசை மொத்தமும் வாசலுக்கு ஓடியது. தலைப்பிரட்டைகளை நான் ஒருத்தியாகத்தான் பொறுக்கி எடுத்தேன்.

முதல் பரிசு ஒரு எரிமலைக்குப் போனது. எரிமலையாம்! சோடா மாவும் வினிகரும்!

திரும்பும்போது ஆட்டோவில் நான் மனசுக்குள் டைப்ரைட்டிங் தட்ட ஆரம்பித்திருந்தேன். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "இவள ஒருத்தனுக்குக் கட்டிக் குடுத்தா மூணாம் நாளே கொண்டாந்து விட்டுடுவான். காலேஜ்லயே சேத்துடலாம்."

விலங்கியல் படித்தேன். இன்று அதையேதான் பாடமும் எடுக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்து கதவைச் சாத்திக்கொண்டால், என் மகள் வெளியே ஒரு மண்டை ஓடு வரைந்து ஒட்டிவிடுவாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வாள்: "யாரும் தொடாதீங்க. அதுதான் பொழைக்கும்."