பத்துப் பரிமாணக் கொடிக்கயிறு

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. (இப்போது உண்டு. கல்யாணமாகிவிட்டது.)

கட்சால் தீவில் இயற்பியல் ஆசிரியராக இருந்த நான், பெண் பார்க்கக் கப்பலேறி போர்ட் பிளேர் வந்திருந்தேன். அங்கே டாலிகஞ்சில் பெண் வீடு. பெண்ணின் அப்பா, நான் திரும்பிப் போகவேண்டிய அதே கப்பலில் வடம் கட்டுபவர்களுக்குத் தலைவர். மாலை நாலு மணிக்குக் கப்பல். வெளியே விடாத மழை என்பதால், கூடத்தின் குறுக்கே கட்டிய கொடிக்கயிற்றில் அவருடைய வெள்ளை யூனிபார்ம் காய்ந்துகொண்டிருந்தது.

"தம்பி எதுல கெட்டி?" என்று கேட்டார்.

"ஸ்டிரிங் தியரி சார். உலகமே நுண்ணிய இழைகளோட அதிர்வுதான். ஒவ்வொரு இழைக்கும் பத்துப் பரிமாணம்!" (பாதி வீடியோ பார்த்திருந்தேன். மீதிக்குக் கட்சாலில் நெட் வரவில்லை.)

"அரே, முப்பது வருஷமா கயிறு புடிக்கிறேன். நீளம் தெரியும், தடிமன் தெரியும். பாக்கி எட்டு எங்க?"

"காட்டுறேன் சார்" என்று எழுந்து கொடிக்கயிற்றைச் சுண்டினேன். லேசாக ஆடியது. எனக்கு அது போதவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்துச் சுண்டினேன். ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. யூனிபார்ம் நேராகக் கேசரித் தட்டில் இறங்கியது.

அப்போதுதான் பெண் முதல்முறையாக வாய் திறந்தாள். "இழைக்கு ஒரே பரிமாணம்தாங்க, நீளம் மட்டும். பத்துங்கிறது அது அதிர்ற வெளியும் காலமும் சேர்ந்த கணக்கு. கயிறு கோடு மாதிரிதான். அது ஆட இந்த ஹால் முழுக்க இடம் இருக்குல்ல, அப்படி."

அவள் எம்.எஸ்சி. இயற்பியல் என்று தரகர் சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவளை எனக்குப் பிடித்துப்போனதும், அவள் எனக்குக் கிடைக்கமாட்டாள் என்று புரிந்ததும் ஒரே நொடியில்தான்.

"அப்படிங்களா? எனக்குத் தெரியாதுங்க" என்றேன், அவருடைய யூனிபார்மிலிருந்து கேசரியை வழித்தபடி.

கப்பலில் அவர் கண்ணில் படாமல் பதுங்கியே வந்தேன். மறுநாள் கட்சால் ஜெட்டியில் இறங்கி நழுவப் பார்த்தபோது, நெஞ்சில் ஆரஞ்சுக் கறையோடு எதிரே நின்றார்.

"ருக்கியே மாப்ள!" என்று நிறுத்தினார். "கிளம்பும்போதே பொண்ணு சரின்னுட்டா. தெரியாதுன்னு சொல்ற ஆம்பளைய இப்பத்தான் பாக்கிறாளாம். ஆனா அந்த வடத்துக்கிட்ட மட்டும் போயிடாதீங்க."

இன்றுவரை எங்கள் வீட்டில் துணி காயப்போட என்னை விடுவதில்லை. என் சாவி தொலைந்தால் மகள் தேடக்கூட எழுந்திருப்பதில்லை.

"பாக்கி எட்டுல எங்கயாவது கிடக்கும்ப்பா" என்கிறாள்.