பதில் அண்ணன்

புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் இணையக் குழு எதுவானாலும் சரி, உள்ளே நுழைந்ததும் நம்மை எதிர்கொள்ள ஒரு ஜீவன் தயாராக இருக்கும். அந்த இனத்துக்கு ‘பதில் அண்ணன்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். வயது இருபதானாலும் அண்ணன், ஐம்பதானாலும் அண்ணன். சி மொழியில் அவர் கடைசியாக எப்போது ஒரு புரோகிராம் எழுதினார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எழுத அவருக்கு ஏது நேரம்? எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்லவே பொழுது போதவில்லை.

நம் அண்ணனுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மேசைமேல் கோப்பு, மேசைக்கடியில் கைபேசி. "வணக்கம், நான் புதுசு" என்று யாராவது எழுதினால் போதும், விரல் துறுதுறுக்கும். கேள்வியை முழுதாகப் படிப்பது கௌரவக் குறைச்சல் என்பதால், எந்தப் புத்தகம் படித்தீர்கள், எதற்காகக் கற்கிறீர்கள், இணையத்தில் தேடினீர்களா என்றெல்லாம் குடைந்து எடுத்துவிட்டு, கடைசியில் "அடிப்படை சரியில்ல" என்று முத்திரை குத்துவார். வீட்டில் மனைவி பிரின்டர் ஓடவில்லை என்றால் மட்டும், "ஆளைக் கூப்பிடு."

அன்று காலை கேள்வி கேட்டவர் ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பாளர். வருகிறவர்களுக்குச் சீட்டுப் போட்டே அலுத்துப்போன அந்த அம்மாவுக்கு, அதே ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுக்குப் போய்விட ஆசை. மறுநாள் அதற்குத் தேர்வு. ஒரு சின்ன புரோகிராமாவது ஒழுங்காக ஓடினால்தான் போவது என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தார். மூன்று பேரின் நாடித்துடிப்புக்குச் சராசரி கண்டால், புள்ளிக்குப் பின்னால் வெறும் பூஜ்யமாகவே வந்தது.

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி மிச்சத்தை விழுங்கிவிடும், 3 என்று இருக்கும் இடத்தில் 3.0 என்று போடுங்கள் என்றார் அண்ணன். சத்தியமாகச் சொல்கிறேன், அது சரியான பதில்.

அந்த அம்மா போட்டார், ஓட்டினார். பழைய பூஜ்யமே வந்தது.

வேறு யாராவது என்றால் இங்கே கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அண்ணன் யோசித்தால் குழு என்ன நினைக்கும்? இந்த வரியை மேலே ஏற்றுங்கள், அந்த வரியைக் கீழே இறக்குங்கள், இரண்டையும் எடுத்துவிட்டு நான் அனுப்புவதை ஒட்டுங்கள் என்று ஆரம்பித்து, ஞாபகத்தில் பாதியும் ஊகத்தில் பாதியுமாக அடுக்கிக்கொண்டே போய், மென்பொருளையே அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வதில் வந்து நின்றார். அந்த அம்மா எல்லாவற்றையும் பயபக்தியோடு செய்தார். பூஜ்யம் அசைந்து கொடுக்கவில்லை.

"எனக்கு இது வராதுபோல அண்ணா. நாளைக்குப் போகல, விட்டுடறேன்."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் கைவசம் இருந்த பதில்கள் தீர்ந்துவிட்டனவே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சி எல்லாருக்கும் ஒத்துவராது என்று அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதே, போன வாரம் சேர்ந்த இன்னொரு கற்றுக்குட்டி குறுக்கே வந்தார்.

"அக்கா, திருத்தினப்புறம் மறுபடி கம்பைல் பண்ணீங்களா? நேத்து நான் அதைப் பண்ணாம பழசையே ஓட்டிட்டிருந்தேன்."

எழுதியதை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதுதான் கம்பைல். "ஒவ்வொரு தடவையும் பண்ணணுமா?" என்று கேட்டார் அந்த அம்மா. காலையிலிருந்து அவர் ஓட்டியதெல்லாம் நேற்றைய புரோகிராம். கம்பைல் செய்தார். பூஜ்யம் போய்த் திரை முழுக்கப் பிழைகள் வந்தன, அத்தனையும் அண்ணனின் இரண்டாவது பதிலுக்குப் பிறகு சேர்ந்தவை. அவற்றையெல்லாம் துடைத்துவிட்டு முதல் பதிலை மட்டும் விட்டுவைத்ததும் சராசரி அழகாக வந்தது.

"வந்துடுச்சு. நாளைக்குப் போறேன்."

அண்ணன் என்ன செய்தார்? "இதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்" என்று எழுதினார். கொடுமை என்னவென்றால், அது உண்மை.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது நடுவில் எங்கேயாவது, அந்த அம்மாவுக்குச் சி எதற்கு, சுலபமாகப் பைத்தான் மொழியைக் கற்றுக்கொண்டிருக்கலாமே என்று தோன்றியதா? அதை உங்களிடம் யாராவது கேட்டார்களா?

வாருங்கள் அண்ணா, உட்காருங்கள்.