ரெண்டு கலர் மூஞ்சியோடு வக்கீல் ஆபீசுக்குப் போன கதை

சொன்னால் சிரிப்பீர்கள். மீனவன் வீட்டுப் பிள்ளையான எனக்குப் படகு ஆகாது. கடல்கூட வேண்டாம், ஏரியில் படகேறினாலே காலையில் தின்றதெல்லாம் மீனுக்குப் போய்விடும். (“இவன் வந்தா தனியா எரை போட வேணாம்” என்று எங்கள் நைனா ஊரெல்லாம் சொல்லுவார்.) லைட்ஹவுஸ் குப்பத்தில் இப்படி ஒருவன் இருப்பதே மானக்கேடு. அதை மறைக்கத்தான் தாடி வளர்த்தேன். வீரன் மாதிரி இருக்குமாம். வாந்தி எடுக்கிற வீரன்.

என்மேல் இரக்கப்பட்ட ஒரே ஆள் கௌரி அண்ணி. அண்ணன் மனைவி. பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். நான் பிளஸ் டூ வரைக்கும் போய்த் திரும்பியவன், அவள் பாஸ். அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் வக்கீல் குமாஸ்தா ஒருவர், சென்னையில் தங்கள் ஆபீசுக்கு ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஃபைல் எடுத்துத் தர, வருகிற கட்சிக்காரர்களை உட்கார வைக்க. “பையன் நீட்டா இருக்கணும்மா. எங்க வக்கீலம்மா அதைத்தான் மொதல்ல பாப்பாங்க.”

அன்றைக்கே அண்ணி என்னைக் கையில் எடுத்தாள். நகத்தை வெட்டினாள். அண்ணனின் கல்யாணச் சட்டைக்கு நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டாள். சட்டை தானாகவே நின்றது. விட்டால் நான் இல்லாமலே இன்டர்வியூ முடித்து வந்திருக்கும். பேண்டும் ஷூவும் எங்கே கடன் வாங்கினாளோ, அளவெடுத்த மாதிரி இருந்தன.

“தாடிய எடுத்துடு, முனி.”

“தாடிதான் அண்ணி என் அழகே.”

“அதான் எடுக்கச் சொல்றேன்.”

நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, இன்டர்வியூ அன்று காலையில்தான் பழவேற்காடு கடைத்தெருவில் போய் உட்கார்ந்தேன். சலூன்காரர் மழித்து முடித்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வாயடைத்துப் போனார். (பேசாத சலூன்காரரை அன்றுதான் பார்த்தேன்.) மூக்குக்கு மேலே, வெயிலில் வெந்த கருவாடு. கீழே, உரித்த இறால். நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு.

பஸ்சுக்காக ஒல்லாந்தர் கல்லறை, அதுதான் அந்தக் காலத்து டச்சுக்காரர்களைப் புதைத்த இடம், அதன் பக்கம் நின்றிருந்த அண்ணி, சிரித்துச் சிரித்துக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாடா இது, மேல ஒருத்தன் கீழ ஒருத்தன்? கல்லறை வாசல்ல செதுக்கி வெச்சிருக்கானே, அந்த எலும்புக்கூடு கூட ஒரே கலர்ல கீதுடா!”

“நான் வரல அண்ணி.”

சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். “அப்பால, திரும்பவும் படகுல ஏறப் போறியா? கேட்டா கடல் வெயிலுனு சொல்லு. ஒழைக்கிறவன் மூஞ்சி, இதுல இன்னா வெக்கம்? வா.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் மூளை அப்படிப்பட்டதில்லை. பொன்னேரி ரயில்வே ஸ்டேஷனில் அவள் டிக்கெட் எடுக்கப் போன நேரத்தில் காபித்தூள் பாக்கெட்டும் தேங்காயெண்ணெய் பாக்கெட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஆபீசை அடைந்ததும் பாத்ரூமுக்குள் புகுந்து, இரண்டையும் உள்ளங்கையில் குழைத்து, தாடையில் பூசினேன். அச்சு அசல் ஒரே நிறம்! வெளியே வந்ததும் அண்ணி பார்ப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வக்கீலம்மா தும்பைப் பூ மாதிரி வெள்ளைப் புடவையில் இருந்தார். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சட்டை பாஸ். நகம் பாஸ். ஷூ பாஸ். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

“யாராவது காபி போடறாங்களா?”

“இல்லீங்க மேடம்.”

எனக்குப் பயத்தில் வியர்க்கத் தொடங்கியது. தாடையிலிருந்து ஒரு சொட்டு. அண்ணி உயிரைக் கொடுத்து வெளுத்த காலரில் விழுந்தது. அடுத்த சொட்டு. வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார்.

“தம்பி... உன் மூஞ்சி ஒழுகுது.”

நான் துடைத்தேன். அதனால் காபி காதுவரைக்கும் போயிற்று.

“கூட யாரு வந்திருக்கா? வரச் சொல்லு.”

அண்ணி வந்தாள். ஒரே பார்வை. முந்தானையால் என் மூஞ்சியை, பாத்திரம் துலக்குகிற மாதிரி, அங்கேயே தேய்த்தாள். இரண்டு நிறமும் வெளியே வந்தன.

“அம்மா, சட்டை, நகம், தலை எல்லாம் நான் பண்ணது. காபி மட்டும் இவன் சொந்த புத்தி. கடல் வெயில்ல காஞ்ச புள்ள, தாடி எடுத்தா இப்படித்தான் இருக்கும். அதுக்காக வேலைய இல்லன்னுடாதீங்க.”

நடுக்கமே இல்லை. மீன் விலை சொல்வது போலச் சொன்னாள். வக்கீலம்மா என்னை விட்டுவிட்டு அவளைப் பார்க்கத் தொடங்கினார். கலையாத மடிப்பு, இறுக்கிப் போட்ட கொண்டை, நேரே பார்க்கிற கண்.

“நீ என்ன படிச்சிருக்கே?”

“பிளஸ் டூ பாஸ்.”

“அழுதுகிட்டு வர்றவங்க, சண்டை போட்டுகிட்டு வர்றவங்க, எல்லார்கிட்டயும் பேசுவியா?”

“மார்க்கெட்ல தெனம் அதான்மா பேசறேன்.”

“திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, நீ மூஞ்சி கழுவிட்டுப் போ.”

ரயிலில் அண்ணி என் காலர்க் கறையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். எனக்குக் கிடைக்க வேண்டியதைப் பிடுங்கிக்கொண்டோமே என்று அவளுக்கு உறுத்தல். நான்தான் கேட்டேன், “அண்ணி, உன் மீன் கூடைய யாரு பாத்துக்குவா?” அவள் என்னைப் பார்த்தாள். மார்க்கெட் ஆடாது, அலை அடிக்காது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

இப்போது கூடை என்னுடையது. அண்ணி கழுத்தில் அடையாள அட்டை மாட்டி ரயில் ஏறுகிறாள். குப்பத்துப் பசங்களுக்கு இன்டர்வியூ வந்தால் அவளிடம்தான் ஓடி வருகிறார்கள். அவளும் ஒரே சட்டம் வைத்திருக்கிறாள்: ஒரு வாரம் முன்பே மழித்துவிட வேண்டும், தினமும் வெயிலில் தாடையைக் காட்ட வேண்டும். எங்கள் கரையில் நாலைந்து பசங்கள் வரிசையாக நின்று வானத்தைப் பார்த்து மோவாயைத் தூக்கிக்கொண்டிருந்தால் வேண்டுதல் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கேயோ வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள்.