பினாங்குக் கோட்டையும் காலி வீதி செக்பொயின்ற்றும்

அண்டைக்கு எனக்கிருந்த வேலை, கொள்ளுப்பிட்டி ஸ்டூடியோவில கழுவக் குடுத்த படங்களை வாங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறுறது. அவ்வளவுதான்.

நானும் என்ர மனுசியும் அப்பதான் ட்ரிப் போய் வந்தனாங்கள். பினாங்கு, லங்காவி, பிறகு சிங்கப்பூர். சண்டை நடக்கிற நாட்டில இருந்து மூண்டு தீவு பாக்கப் போன பெரிய மனுசன் நான்! கமராவும் என்ர கையில. மனுசி கெஞ்சிப் பாத்தா.

"என்னையும் ஒண்டு எடுங்கோவன்."

"விசர்க்கதை கதையாதையும். காட்சிக்குள்ள ஆள் நிண்டால் படம் கெட்டுப்போகும்."

பம்பலப்பிட்டி செக்பொயின்ற்றில பஸ்ஸை மறிச்சாங்கள். இறங்கி வரிசையில நிண்டம். என்ர அடையாள அட்டையில பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதைப் பாத்த பொலிஸ்காரன் படக் கவரையும் கேட்டான்.

சந்தோசமாக் குடுத்தன். என்ர படத்தை ஒரு ஆளாவது ரசிக்கப்போறான் எண்ட நினைப்பு!

முதல் படம் துறைமுகம். அடுத்தது கப்பல். பிறகு பாலம். அந்தப் பாலத்தையே சுத்திச் சுத்தி எடுத்திருந்தன். பிறகு கோட்டை, வெளிச்சவீடு, பீரங்கி. பீரங்கியைக் கிட்டப்போய் இன்னொண்டு!

"மே மொகத்த?" எண்டான் சிங்களத்தில. இதென்னவாம்.

"ட்ரிப்," எண்டன்.

"ட்ரிப்பெண்டால் ஆக்கள் எங்க?"

அப்பதான் எனக்கு வியர்த்தது. வெள்ளைக்காரன் பாலத்தைப் படம் எடுத்தால் உல்லாசப் பயணி. யாழ்ப்பாணத்தான் எடுத்தால் கேஸ். இது தெரிஞ்ச ஆள்தான் நானும்!

ஸ்டேசனுக்குக் கொண்டுபோனாங்கள். அந்த நாளையில உள்ள போற தமிழன் எப்ப வெளிய வருவான் எண்டு சாத்திரியாலயும் சொல்லேலாது.

இன்ஸ்பெக்டர் படங்களை மேசையில பரப்பினார்.

"சேர், பாஸ்போட் வீட்டில இருக்கு. முத்திரை குத்தியிருக்கு."

"போனது சரி. என்னத்துக்குப் போனனீர்?"

"ஊர் பாக்க, சேர். படம் எடுக்கிறதில எனக்குக் கொஞ்சம் விருப்பம்."

"பீரங்கியையா?"

அவர் ஒவ்வொண்டாப் பிரட்டிக்கொண்டு போய்க் கடைசிப் படத்தில நிண்டார். நான் கண்டே இராத படம். லங்காவி போற படகில நான் வாயைப் பிளந்துகொண்டு நித்திரை. சேட்டுப் பொத்தான் கழண்டு தொப்பை வெளியில கிடக்கு. தொப்பைக்கு மேல கச்சான் கடலைப் பை. நான் கண்ணயர்ந்த நேரம் பாத்து மனுசி கமராவைத் தூக்கியிருக்கிறா!

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரிச்சார். மற்றப் பொலிஸ்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். வாங்குப் பலகையில இருத்தி வைச்சிருந்த இன்னொரு தமிழரும் எட்டிப் பாத்துச் சிரிச்சார், பாவம்.

"இப்பிடி நித்திரை கொள்ளுறவன் ஒரு வேவும் பாக்கமாட்டான். போம்!"

கோட்டை, பாலம், பீரங்கி எல்லாம் அவற்ற மேசை லாச்சிக்குள்ள போச்சு. விசாரணைக்காம். என்ர கையில தந்தது அந்த ஒரு படத்தைத்தான்.

வீட்டை வந்து நடந்ததைச் சொன்னன். மனுசி முதல் அழுதா. பிறகு படத்தை வாங்கிப் பாத்தா. அழுகை நிண்டுபோச்சு. அடுத்த கிழமையே ஃபிரேம் போட்டு ஹோலில மாட்டியும் போட்டா.

வாற ஆக்கள் எல்லாருக்கும் விளக்கம் வேற:

"இவர் மூண்டு தீவு பாத்தவர். இப்பிடித்தான் பாத்தவர்."