பம்பைக்காரரின் முகமும் குளோசப்பின் வாயும்

சினிமாவைக் கண்ணால் பார்த்தவர்கள் கோடிப் பேர். வாயால் பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான்: செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த குளோசப்.

அறுபதுகளில் ராஜகிரிக் கோட்டைக்கு ஷூட்டிங் வந்தவர்களுக்கு அரை நாள் குடை பிடித்தார். மலையை விட்டு இறங்கும்போது அவர் மளிகைக்காரராக இல்லை. துவரம்பருப்பை அள்ளி நம் மூக்குக்கு நேரே நீட்டுவார். "லாங் ஷாட்ல எல்லாப் பருப்பும் நல்லாத்தான் இருக்குது. குளோசப்ல பாரு, பூச்சி!" வாங்க வந்தவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.

டூரிங் கொட்டகையில் காட்சி மாறும் ஒவ்வொரு தடவையும் "கட்!" என்று கத்துவார். கரண்ட் கட் என்று ஜனங்கள் மணலைத் தட்டிக்கொண்டு எழுவார்கள். எதிரே படம் ஓடிக்கொண்டிருக்கும், இருந்தாலும் எழுவார்கள். அப்படி ஒரு குரல்.

கொட்டகை முதலாளி பொறுத்துப் பார்த்தார். "இன்னொரு தபா வாயத் தொறந்தீன்னா, அப்புறம் உள்ள காலே வெக்கக் கூடாது!"

அதற்கு உயிரையே கேட்டிருக்கலாம். குளோசப் வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு படம் பார்க்கப் பழகினார்.

அப்போதுதான், மெயின் படத்துக்கு முன்னால், மேளவாத்தியங்களைப் பற்றி ஒரு நியூஸ் ரீல் வந்தது. மேல்மலையனூர் அமாவாசையில் எடுத்த பம்பையும் அதில் உண்டு. வாசித்த பம்பைக்காரர், திரையில் தன் முகத்தைக் காட்டப் பெண்டாட்டியையும் மச்சானையும் பஸ் ஏற்றிக் கூட்டி வந்து, மீசையைத் தடவியபடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பம்பை வந்தது. திரை நிறைய இரண்டு கைகள். அப்புறம் கற்பூரம், கூட்டத்து முகங்கள், மறுபடி கைகள். வாசித்தவர் முகம் மட்டும் வரவேயில்லை.

"இன்னா மாமா," என்றான் மச்சான், "மூஞ்சியக் காணோம்? கைய மட்டும் வாடகைக்கு வுட்டியா?"

கொட்டகையே சிரித்தது. பம்பைக்காரர் தலை குனிந்து மணலைக் கிளறினார்.

துண்டு பறந்தது. "கட்!"

பாதிக் கொட்டகை எழுந்தது.

"உக்காருங்கய்யா! படம் கட்டாச்சு, பம்பை சத்தம் கட்டாச்சா? அதோ, அந்தம்மா கண்ணு ஏன் அப்டி வெரியுது? அந்தாளு ஏன் ஆடறான்? எல்லாம் இவரு அடிச்ச அடி! படம் எடுத்தவன் இவரு மூஞ்சிய மறைக்கலடா, ஊரு மூஞ்சியிலெல்லாம் வெச்சிட்டான்!"

திரையில் முகங்கள் ஓடின. ஒவ்வொன்றிலும் அந்தப் பம்பை அதிர்ந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அந்தக் கை எனக்குத் தெரியாதா?" என்றாள் பம்பைக்காரரின் பெண்டாட்டி.

முதலாளி வந்து குளோசப்பின் தோளைத் தொட்டார். சொன்னது சொன்னதுதான். குளோசப் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மெயின் படத்தை விட்டுவிட்டுப் பம்பைக்காரரும் பின்னாலேயே போனார்.

அதன் பிறகு குளோசப் கொட்டகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று, சத்தத்தை மட்டும் கேட்டே "கட்!" என்பார். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வார். படம் ஓடுவது தெரிந்தும், உள்ளே நாங்கள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து நிற்போம்.