வெந்நீர் மாமா காப்பாற்றிய துரு

உலகத்திலேயே துருவைக் காப்பாற்றுவதற்காகக் கார் வைத்திருந்தவர் எங்கள் வெந்நீர் மாமா ஒருவர்தான்.

மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இருந்தார். சொந்தப் பெயரைத் தபால்காரர் மட்டும்தான் உபயோகித்தார். அவருடைய முப்பது வயதுக் கார், நாலு சிக்னலைத் தாண்டுவதற்குள் கொதித்துப் பானெட் இடுக்கில் ஆவி விடும். அப்படி வந்த பெயர். பின்சீட்டில் எப்போதும் தண்ணீர் கேன்கள். ஆள் ஏறினால் கேனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை அடையாறு சிக்னலில் ஆவியைப் பார்த்துத் தீ என்று பயந்த இளநீர்க்காரர், மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டார். மாமா நிதானமாக இறங்கி, மண்ணைத் துடைத்துவிட்டு, அவரிடமே ஒரு குடம் தண்ணீர் கேட்டார்.

ரேடியேட்டருக்குள் தண்ணீர் சுக்குக் காப்பி நிறத்தில் இருக்கும். உள்ளே ஒரே துரு, நன்றாக அலசிவிட்டால் வண்டி சூடாகாது என்று மந்தைவெளி மெக்கானிக் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். மாமா அசையமாட்டார்.

“ஓட்டையெல்லாம் அந்தத் துருதான்டா அடைச்சுண்டிருக்கு. அதை எடுத்துட்டா ரேடியேட்டரே சல்லடை.”

மெக்கானிக்கும் அது முழுப் பொய்யில்லை என்று ஒப்புக்கொண்டதுதான் எங்கள் துரதிர்ஷ்டம்.

என் தங்கை காயத்ரிக்குக் கத்திரி வெயிலில் கல்யாணம். மண்டபம் நங்கநல்லூரில். அலங்காரமெல்லாம் முடிந்து அவள் வாசலில் நிற்கிறாள், பேசிவைத்த வாடகைக் கார் வரவில்லை. டிரைவர் போனை எடுக்கவில்லை. செயலியில் கூப்பிட்ட டாக்சிகளும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. திரும்பிப் பார்த்தால் மாமா சாவியோடு நிற்கிறார். வேறு வழியில்லை. காயத்ரி, அம்மா, நான், கேன்கள் எல்லோரும் ஏறினோம்.

கிண்டி வருவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. மாமா பதறாமல் ஹீட்டரை முழு வேகத்தில் போட்டார். என்ஜின் சூட்டை அது உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். உள்ளே என்பது நாங்கள். கன்னத்தில் மை வழிய, பட்டுப்புடவை உடம்போடு ஒட்ட, காயத்ரி மெதுவாகக் கேட்டாள்: “மாமா, என்னைக் கல்யாணத்துக்குக் கூட்டிண்டு போறேளா, வேது பிடிக்கறேளா?”

மாமா சிரிக்கவில்லை. கண்ணாடியில் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார்.

நாதஸ்வரக்காரர் வாசலை எட்டிப் பார்க்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மையை அழித்துப் புதிதாக எழுதி, ஒருவழியாகத் தாலி கட்டியாயிற்று. சாப்பிடக் கூப்பிடலாம் என்று தேடினால் மாமாவைக் காணோம்.

சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்தார். என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டரின் கீழ்க்குழாயைக் கழற்றிவிட்டு, மேலே சமையற்கட்டு ஹோஸைச் சொருகியிருந்தார். பழுப்புத் தண்ணீர் முற்றமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவுகிறவர் எட்டிப் பார்த்து, “இன்னா சார், பந்திக்கு வெச்ச ரசத்த கொட்டிக்கினு கீறியா?” என்றார்.

“மாமா, துரு போயிட்டா ஓட்டை?” என்றேன் நான்.

“ஹோஸை ஆட்டாம பிடி.”

பிடித்தேன். சுக்குக் காப்பி பானகமாயிற்று, பானகம் மெல்ல இளநீராயிற்று. அந்த நிறம் வந்ததும் மாமா, யாரையோ ரயிலேற்றிவிட்டவர் மாதிரி, கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

சாயங்காலம் மணமக்களைப் பாலவாக்கத்தில் உள்ள மாப்பிள்ளை வீட்டுக்கு மாமாதான் அழைத்துப்போனார்; நான் முன்சீட்டில். முள் நடுவிலேயே நின்றது. ஹீட்டர் இல்லை. ஜன்னல் வழியே கடற்காற்று. திருவான்மியூர் தாண்டுவதற்குள் இருவரும் தோளில் தோள் சாய்த்துத் தூங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை நான் கீழே இறங்கியபோது காருக்கடியில் குளம். ரேடியேட்டர் நாலைந்து இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. இனி இதை அடைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டுப் போனார்.

மாமா பானெட்டை மூடினார்.

“போறது போ. குழந்தை வேர்க்காம புக்காத்துக்குப் போனாளோன்னோ?”