உங்கள் வாசலில் நிற்காமல் போக ஓர் அனுமதி

பிஷ்கெக்,
அக்டோபர், வியாழக்கிழமை

அன்புக்கும் அதைவிட அதிகமாக மரியாதைக்கும் உரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி ஜிபார் தலை தாழ்த்தி எழுதுவது. நீங்கள் நலமா, உங்கள் வீட்டுப் பெரியவர் நலமா, ஆடு மாடு நலமா, காலில் கட்டுப் போட்டிருந்த சாம்பல் நிறக் குதிரை இப்போது நொண்டாமல் நடக்கிறதா? இங்கே நாங்கள் நலம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, குரல் குறையவில்லை. உங்கள் தம்பி வழக்கம்போல் ஊரில் பழுதாகி நிற்கும் லிப்டுகளில் எல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நான் ஆரம்பிக்கும் முன்பே நீங்கள் "எப்ப வர்றீங்க?" என்று கேட்பீர்கள், நானும் வாய்தவறித் தேதியைச் சொல்லிவிடுவேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினாலோ கஜகஸ்தானில் இருக்கும் சித்தப்பா வரைக்கும் கருத்துச் சொல்வார்கள். கடிதத்தில் மட்டும்தான் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது. இப்படி ஒரு வசதியைப் பயன்படுத்திக்கொள்வதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். வரும் சனிக்கிழமை நானும் உங்கள் தம்பியும் காரில் ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். தென்கரை வழியாக, அதாவது காஜி-சாய் ஊர் வழியாக, அதாவது உங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போவோம். ஆனால் நிற்க மாட்டோம்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு கிண்ணம் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். உங்கள் மேல் எங்களுக்கு எந்த மனவருத்தமும் இல்லை, யாரும் யாரிடமும் எதுவும் போட்டுக் கொடுக்கவில்லை. தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

போன மாதம் வகுப்பில் நம் ஏரியைப் பற்றிப் பாடம் எடுத்தேன். எவ்வளவு ஆழம், எத்தனை ஆறுகள் வந்து விழுகின்றன, குளிர்காலத்தில் ஏன் உறைவதில்லை, எல்லாம் வழக்கம்போல் கடகடவென்று சொல்லி முடித்தேன். சாய்கல் என்றொரு பெண் இருக்கிறாள், கையைத் தூக்கினாள் என்றாலே நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். "டீச்சர், அது என்ன கலரு?" என்றாள். நீலம் என்றேன். "காலையிலயா, சாயங்காலமா?" எப்போதும் நீலம்தான் என்றேன். "நீங்க சாயங்காலம் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஏரியிலிருந்து வெகுதூரத்தில், தாலாஸில் பிறந்தவள், ஆனால் கல்யாணமாகி இருபது வருடமாக அந்த ஏரிக்கரை வழியாகத்தான் போய் வருகிறேன். கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தேன். நல்லவேளையாக மணி அடித்தது.

அன்றைக்கு பஸ்ஸில் வீடு திரும்பும்போது யோசித்தேன். பார்த்ததே இல்லை என்றால் பொய். துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறேன், இரண்டு லாரிகளுக்கு நடுவே, கறி வேகும் அண்டாப் புகைக்கு நடுவே. முழுசாக ஏன் பார்க்கவில்லை என்று தோண்டிக்கொண்டே போனால் குற்றம் காரின் மேல் வந்து நின்றது. நம் கார் ஜப்பானில் பிறந்தது, ஸ்டீயரிங் வலப்பக்கம். நம் சாலையிலோ வண்டிகள் போவதும் வலப்பக்கம். முன்னால் ஒரு லாரி போனால் உங்கள் தம்பிக்கு எதிரே என்ன வருகிறது என்று ஒன்றும் தெரியாது, இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நான்தான் தலையை நீட்டிப் பார்த்து "போங்க" அல்லது "இருங்க" என்று சொல்ல வேண்டும். இருபது வருடமாக அந்தச் சாலையில் என் வேலை அதுதான். லாரிகளின் பின்புறம் எனக்கு அத்துப்படி. நிலக்கரி லாரிக்கும் வைக்கோல் லாரிக்கும் பின்விளக்கு எப்படி வேறுபடும் என்று ஒரு பாடமே எடுப்பேன். வடகரையில் போனால் ஏரி உங்கள் தம்பியின் ஜன்னலில் வருகிறது. "ஆகா, பாரு பாரு" என்பார், நான் லாரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தென்கரையில் போனால் என் ஜன்னலில் வருகிறது, ஆனால் தென்கரையில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவோம். கிளம்பிய நிமிடத்திலிருந்து நீங்கள் போனில் "கறி வெந்தாச்சு, எங்க இருக்கீங்க?" என்று கேட்பீர்கள், இவர் பறப்பார், நான் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு "போங்க, இருங்க, போங்க" என்று வருவேன். வந்து சேர்ந்ததும் நேராகச் சமையலறை. உங்கள் விருந்தினர் அறையிலிருந்து ஏரி தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து மாட்டுக் கொட்டகை தெரிகிறது. மாடுகள் நல்ல மாடுகள்தான், அதில் சந்தேகமில்லை.

ஆக அக்கா, நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான். யாராவது நமக்காகக் காத்திருந்தால் லாரியை முந்த வேண்டும். முந்த வேண்டும் என்றால் நான் சாலையைப் பார்க்க வேண்டும். யாரும் காத்திருக்காமல் ஒரே ஒரு தடவை போனால், ஒரு வண்டியையும் முந்தாமல் நிலக்கரி லாரிக்குப் பின்னாலேயே தேர் மாதிரி போகலாம், நான் என் பாட்டுக்கு இடப்பக்கம் பார்த்துக்கொண்டு வரலாம்.

இதை உங்கள் தம்பியிடம் சொன்னேன். மறுநாள் ஒரு பழைய கேமராவோடு வந்தார், அவர் லிப்டு பழுது பார்க்கும் கட்டடத்தில் இருக்கும் கல்யாணப் போட்டோகிராபர் கொடுத்ததாம். திட்டம் போட்டோம். காஜி-சாய் தாண்டினால் செம்மண் பள்ளத்தாக்கு இருக்கிறதே, சாயங்கால வெயிலில் அது நெருப்பு மாதிரி இருக்கும், கீழே ஏரி தெரியும் என்கிறார்கள். அங்கே வெயில் சாயும் நேரத்துக்கு நிற்க வேண்டும். இரவு ஏரியின் கிழக்குக் கோடியில் கரகோல் ஊரில் ஒரு விடுதி, மறுநாள் வடகரை வழியாகத் திரும்புவது, எதிர்த்திசையில் வருவதால் அப்போதும் ஏரி என் பக்கம்தான். விடுதி என்றதும் நீங்கள் நெஞ்சில் கை வைப்பது இங்கிருந்தே தெரிகிறது. அங்கே நமக்கு எத்தனை உறவு இருக்கிறது என்று எனக்கும் தெரியும், அதனால்தான் விடுதி.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்கலாம் என்று பக்கத்து மலைக்குப் போனோம். அரை மணி நேரத்தில் மேய்ச்சலிலிருந்து இறங்கும் ஆட்டு மந்தை சாலையை அடைத்துக்கொண்டது. நான் கேமராவை எடுத்தேன். மேய்ப்பவர் குதிரையை ஓட்டிக்கொண்டு ஜன்னலருகே வந்து, எடுப்பதுதான் எடுக்கிறீர்கள், குதிரையைத் தனியாக எடுங்கள் என்றார். எடுத்தேன். அப்படியே வீட்டுக்காரியையும் எடுத்துவிடுங்கள், கூடாரம் பக்கத்தில்தான் என்றார். அப்புறம் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருட்டின பிறகு வீடு திரும்பினோம், மடியில் ஒரு பை கறி, வயிற்றில் குதிரைப்பால், கேமராவில் அந்தக் குடும்பம் வரிசையாக நின்று, வரிசையாக உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின். மலை ஒரே ஒரு படத்தில் வந்திருக்கிறது, அதையும் அந்த வீட்டு மாமனாரின் தொப்பி மறைக்கிறது. நல்ல மனிதர்கள், பெண்ணின் கல்யாணத்துக்கும் அழைத்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் எனக்கு உறுதியாகப் புரிந்தது, நம் மண்ணில் ஒரு தடவை நின்றால் அந்த நாள் முடிந்தது.

இதற்குள் அம்மா மோப்பம் பிடித்துவிட்டார். நான் சூட்கேஸைத் துடைப்பதைப் பார்த்து, "யாரு செத்தது?" என்றார். யாரும் சாகவில்லை என்றேன். "அப்ப யாருக்குக் கல்யாணம்?" கல்யாணமும் இல்லை, ஏரி பார்க்கப் போகிறோம் என்றேன். "ஏரி கூப்பிட்டுச்சா பொண்ணே?" என்றார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று துக்கத்துக்குப் போடும் கறுப்பு முக்காட்டை மடித்து என் சூட்கேஸில் அடியில் வைத்தார். எடுத்தால் மறுபடி வைக்கிறார். ஒரு மூட்டை போர்சோக் மாவுத்துண்டுகள் வேறு பொரித்துவிட்டார், ஒரு பட்டாளம் தின்றாலும் தீராது. அந்த எண்ணெய் வாசனை மாடிப்படி முழுக்கப் பரவியதும் பக்கத்து வீட்டு ரைசா கதவைத் தட்டினாள். ஏரிப் பக்கமா, நல்லதாப் போச்சு என்று, கரகோலில் பிள்ளை பெற்றிருக்கும் தன் மகளுக்காக மரத்தொட்டில் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் வைத்துவிட்டுப் போனாள். தொட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஒருவாய் தேநீர் குடிக்காமல் திரும்ப முடியுமா சொல்லுங்கள்? நான் இரவில் அந்தத் தொட்டிலில் தடுக்கிக்கொண்டு நடக்கிறேன்.

இவ்வளவையும் சமாளித்துவிடலாம். உங்கள் வாசல்தான் சமாளிக்க முடியாதது. உங்களுக்குத் தெரியாமல் போய்விடலாம் என்று உங்கள் தம்பி யோசனை சொன்னார், நான் சொன்னதாக நினைக்காதீர்கள். பச்சைக் கார், ஒரு கதவு மட்டும் வெள்ளை. தென்கரையில் இந்தக் காரைத் தெரியாத நாய்கூடக் கிடையாது. போன வருடம் ஒரு சாவுக்கு அவசரமாகப் போனபோது, உங்கள் ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே போன் அடித்ததே, "வெள்ளைக் கதவ பாத்தேன்னு சொல்றாங்க, நம்ம வீடு மறந்துபோச்சா?" என்று. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சரி, நின்று ஒருவாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றால், நீங்கள் ஆடு அறுக்காமல் விடமாட்டீர்கள். கறி வேகும் நேரமும் பள்ளத்தாக்கில் வெயில் சாயும் நேரமும் ஒன்றேதான். நான் கணக்குப் பார்த்துவிட்டேன்.

அதனால் ஒரு யோசனை. தங்க நேரமில்லாத விருந்தாளி ரொட்டியை ஒரு விள்ளலாவது வாயில் போட்டுக்கொண்டு போனால் போதும், வீட்டுக்கு வந்த மாதிரிதான் என்பது நம் வழக்கம்தானே. அந்த வழக்கத்தில் விருந்தாளி காரைவிட்டு இறங்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. சனிக்கிழமை மூன்று மணி வாக்கில் நீங்கள் ரொட்டியோடு வாசலில் நில்லுங்கள். நாங்கள் மெதுவாக உருட்டிக்கொண்டு வருகிறோம், நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு விள்ளல் பிய்த்துக்கொள்கிறேன், உங்கள் தம்பிக்கும் ஊட்டிவிடுகிறேன். எஞ்சினை நிறுத்த மாட்டோம். ஆட்டை அவிழ்க்காதீர்கள். எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் அக்கா. எனக்கு உங்களிடம் இதுவரை எதையும் கேட்டுப் பழக்கமில்லை. நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்றால் போகவில்லை. கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கறி சாப்பிட வந்துவிடுகிறோம். சாய்கலிடம் நீலம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் கூரையில் எப்போதும் புகை எழட்டும், கொட்டகை நிறைந்திருக்கட்டும், குதிரை நான்கு காலிலும் நிற்கட்டும். பெரியவருக்கு என் வணக்கம். அம்மா தன் ஆசியைச் சொல்லச் சொன்னார், கூடவே கறுப்பு முக்காடு உங்களிடமும் ஒன்று இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

பணிவுடன்,
ஜிபார்

பின்குறிப்பு: உறையை ஒட்டி, உங்கள் ஊர் மினிபஸ் டிரைவரிடம் கொடுக்க எடுத்து வைத்திருந்தேன், இப்போது மறுபடி பிரித்து எழுதுகிறேன். வேலை முடிந்து வந்த உங்கள் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்கா? நான்தான் திங்கட்கிழமையே போன் பண்ணிச் சொல்லிட்டேனே" என்றார். மூன்று நாள் நான் தூங்காமல் எழுதியதை அவர் சிகரெட் பிடிக்கும் நேரத்தில் சொல்லி முடித்திருக்கிறார். கோபித்துக்கொண்டார்களா என்று கேட்டேன். இல்லையாம். "ரொட்டிக்கு நிக்க வேணாம், எனக்கு நில்லுங்க. நான் மட்டும் ஏரிய எங்கடா பாத்தேன்?" என்றீர்களாம். மாட்டைப் பெரியவர் பார்த்துக்கொள்வாராம், ரொட்டியை நீங்களே கட்டிக்கொண்டு வருவீர்களாம்.

அக்கா, உங்கள் சமையலறை ஜன்னல் எனக்கு மட்டும்தான் மாட்டுக் கொட்டகையைக் காட்டுகிறது என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து அறையிலிருந்து இதைக் கேட்ட அம்மாவும் வருகிறார். தனியாக உட்கார்ந்து லிப்டு சத்தம் கேட்க அவரால் முடியாதாம். டிரைவர் கீழே ஹார்ன் அடிக்கிறார். தொட்டிலையும் அவரிடமே ஏற்றிவிடுகிறேன், கரகோல் பஸ்ஸில் மாற்றிவிடுவார். மேலே எழுதியதை எல்லாம் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள், விடுதியைப் பற்றியது உட்பட, ஏனென்றால் இனி இரண்டு அறை கேட்க வேண்டும். காரில் இடப்பக்கம் இரண்டு ஜன்னல் இருக்கிறது. முன்னால் உள்ளது உங்களுக்கு, பின்னால் உள்ளது எனக்கு. அம்மா வலப்பக்கம், அவர் ஏரியைக் கேட்கவில்லை. லாரிக்குப் பின்னால் உங்கள் தம்பி பொறுமை இழந்து "போகலாமா?" என்று கேட்டால் நீங்கள் சாலைப் பக்கம் திரும்பிப் பார்க்காமலே "இரு" என்று சொல்லுங்கள். நான் பின்னாலிருந்து "இருங்க" என்கிறேன்.